டைம் ஸ்கேல் கர்னல்

கர்னல் என்றதும் எழுந்து நிற்காதே மக்ளே. உட்கார். எந்தக் கர்னல் என்று முதலில் கேட்க வேண்டும். நீ கேப்டன் வீட்டுப் பெண், கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை என்கிறாய். உனக்கு இதெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கர்னலில் இரண்டு ஜாதி உண்டு. ஆள் பொறுக்குகிற போர்டில் தேறி ஆன கர்னல் ஒரு ஜாதி. போர்டில் தேறாமல், சர்வீஸ் நீண்டுபோனதால், போனால் போகட்டும் என்று ஆக்கிவிட்ட கர்னல் இன்னொரு ஜாதி. டைம் ஸ்கேல் கர்னல் என்பார்கள். தோளில் அதே சிங்கம், அதே இரண்டு நட்சத்திரம். வெளியாள் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே இருக்கிறவர்களுக்கு, கிட்டே போகாமலே, நடையைப் பார்த்தே தெரியும். முதல் ஜாதிக்கு ஒரு பட்டாலியனைக் கையில் கொடுப்பார்கள். எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் சல்யூட் அடிப்பார்கள். இரண்டாவது ஜாதிக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஏதாவது ஓர் ஆபீசில் ஜன்னலோரம்.

எங்கள் வீட்டில் உள்ளவர் இரண்டாவது ஜாதி. இப்போது இந்த பெர்த்திலிருந்து எழுந்து போனாரே, அவர்தான். ஸ்லீப்பர் பெட்டியில் அவருடைய பழைய சுபேதார் ஒருவர் குடும்பத்தோடு வருகிறாராம். போய் உட்கார்ந்துவிட்டார். இனி விஜயவாடா தாண்டித்தான் வருவார். ரிட்டயர் ஆனாலும் கர்னல் கர்னல்தானே, அவரை இங்கே கூப்பிட்டுப் பேசக்கூடாதா என்று கேட்டால் சிரிக்கிறார். அவருக்கு எப்போதும் அவர்களோடு உட்கார்ந்துதான் பழக்கம். அங்கேதான் வினையே.

இரு, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். முறுக்கு எடுத்துக்கொள். எங்கள் நாகர்கோவில் பக்கத்து முறுக்கு. டெல்லியில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனதில் மிச்சம்.

லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல். அதுவரைக்கும் ஒன்றுமில்லை. பரீட்சையை எழுதி, யாரையும் கைநீட்டி அடிக்காமல், உயிரோடு இருந்தால் போதும். வயது ஏற ஏற ரேங்க்கும் ஏறிவிடும். உன் வீட்டுக்காரருக்கும் ஏறும். அதற்கு மேலேதான் கழுத்தைப் பிடிப்பார்கள். பஸ் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் கண்டக்டர் வந்து, இனிமேல் மூன்று பேருக்குத்தான் சீட், மற்றவர்கள் நின்றுகொண்டே வாருங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான். இறங்கவும் விடமாட்டார்கள். நின்றுகொண்டேதான் வரவேண்டும், உட்கார்ந்திருக்கிறவன் தலையைப் பார்த்துக்கொண்டு.

டெல்லியில் போர்டு கூடும். ஒரே வருஷத்தில் அகாடமியிலிருந்து வெளியே வந்தவர்களை எல்லாம் ஒன்றாகக் கொட்டிச் சலிப்பார்கள். ஆளின் பெயரை மறைத்துத்தான் பார்ப்பார்களாம், அவ்வளவு நியாயமாம். பெயர் எதற்கு? வருஷா வருஷம் மேலதிகாரி போட்ட மார்க் இருக்கிறதே. ஒன்பதுக்கு மார்க். ஒன்பது வாங்கினால் நீ மனுஷன். எட்டு என்றால் மிக நல்ல ஆபீசர் என்று அர்த்தமாம், அவர்கள் விதிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் எட்டு வாங்கினவன் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். எட்டைப் போட்டவன் அதே சாயங்காலம் மெஸ்ஸில் உன் தோளில் கைபோட்டு, இன்னொரு கிளாஸ் எடுத்துக்கொள் என்பான். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு மனுஷர்கள் சிரித்தாலே குமட்டும்.

மூன்று தடவை பார்ப்பார்கள். மூன்றிலும் தேறாவிட்டால் கதை முடிந்தது. இவருக்கு முதல் தடவை போச்சு. இரண்டாவது தடவையும் போச்சு. காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள். அகாடமியில் இவரோடு ஒரே அறையில் படுத்த பையன், பூட்ஸ் கயிறு கட்ட இவர்தான் சொல்லிக்கொடுத்தாராம், அவன் தேறிவிட்டான். அடுத்த வாரமே போனில் என்னிடம் அவன் பெண்டாட்டி பேசுகிற தொனி மாறிவிட்டது. அதுவரைக்கும் அக்கா. அதற்குப் பிறகு, ஹலோ, மிஸஸ் தாணு.

ஆமாம், எனக்குப் பெயரே கிடையாது. இவர் பெயர் தாணுமாலயன். சுசீந்திரம் பக்கத்தில் அந்தப் பெயர் உண்டு. வடக்கத்திக்காரர்களுக்கு அது வாயில் நுழையாமல் தாணு ஆக்கிவிட்டார்கள். நான் மிஸஸ் தாணு. உன்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பழகிக்கொள்.

மூன்றாவது தடவைக்கு முந்தின குளிர்காலம். பஞ்சாபில் ஒரு கன்டோன்மென்ட். இவர் பட்டாலியனில் இரண்டாவது ஆள். சிப்பாய்கள் எல்லாம் நம் தெக்கத்தி ஆட்கள், ஆபீசர்கள் பல ஊர். மேலே கமாண்டிங் ஆபீசர் கர்னல் பண்டாரி. அவர்தான் இவருக்கு மார்க் போடுகிறவர். பண்டாரிக்கு மார்க் போடுகிறவர் அவருக்கு மேலே. அவருக்கு மேலே இன்னொருவர். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே நடக்கிற இடம் அது. கீழே எதை மிதித்தோம் என்று எவனுக்கும் தெரியாது.

பெண்டாட்டிக்குத் தனியாக மார்க் கிடையாது என்று நினைத்துவிடாதே. பண்டாரியின் மனைவி ஹிந்தியில் கவிதை எழுதுவாள். மாதம் ஒருநாள் எல்லா ஆபீசர் மனைவிகளும் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. வராத ஆளை அடுத்த நாள், உடம்புக்கு என்ன என்று மூன்று தடவை கேட்பாள், அவ்வளவுதான். எனக்குக் கறிகாய் வாங்குகிற ஹிந்திதான் தெரியும். ஆனால் எந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்று அவள் குரல் தழைகிறதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். மற்றவளெல்லாம் வாஹ் வாஹ் என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் மூக்கை உறிஞ்சுவேன். "மிஸஸ் தாணுவுக்குத்தான் என் மனசு புரியுது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன். அவ்வளவு அருவருப்பு. அடுத்த மாதம் முதல் ஆளாய்ப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

சின்னப் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு கேப்டன் பெண்டாட்டி, உன் வயசுதான் இருக்கும், நான் உள்ளே நுழையும்போது போனைப் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தே இருந்தாள். நான் ஒன்றும் திட்டவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அடுத்து வந்த கூட்டத்துக்கெல்லாம் பக்கோடா பொரிக்கிற பொறுப்பை அவளுக்கே கொடுத்தேன். பட்டுப்புடவையில் எண்ணெய் தெறிக்கத் தெறிக்கப் பொரித்தாள். கற்றுக்கொள்ள வேண்டாமா? மரியாதை தெரியாமல் வளர்ந்தால் நாளைக்கு அவள் புருஷனுக்குத்தானே கஷ்டம். இன்றைக்கு அவன் முதல் ஜாதிக் கர்னல். ஒரு தீபாவளிக்குக்கூட அவள் எனக்கு வாழ்த்து அனுப்பியதில்லை. நன்றி கெட்டதுகள்.

இன்னொரு சங்கதி. அதற்கு முந்தின வருஷமே இவருக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. காலையில் எழுந்தால் பின்மண்டையில் வலி என்பார். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா? உடனே மெடிக்கல் கேட்டகரியைக் குறைப்பார்கள். உடம்பு முழுசாக இருக்கிறவனுக்குத்தான் பட்டாலியன். கேட்டகரி குறைந்தால் போர்டில் தேறினாலும் நிறுத்தி வைப்பார்கள். பாகிஸ்தான்காரன் குண்டுக்குப் பயப்படாத ஆபீசர்கள் எல்லாம் அந்த ரத்தக் கொதிப்புப் பட்டையைக் கண்டால் நடுங்குவார்கள். இவர் மட்டுமா, பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று இருக்கும். எல்லோரும் ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள்.

நான்தான் ஏற்பாடு செய்தேன். பஜாரில் ஒரு சர்தார்ஜி டாக்டர். இவரைக் குரங்குத் தொப்பியைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் குமார், துணி வியாபாரம் என்று சொன்னேன். நிமிர்ந்து உட்காராதீங்க, பட்டாளத்தான்னு தெரிஞ்சிரும் என்று இவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தேன். மாத்திரை கொடுத்தார். அதை வீட்டில் எங்கே வைப்பது? வேலைக்கு வருகிற சிப்பாய் எல்லா அலமாரியையும் துடைப்பான். கடைசியில் சாமி அலமாரியில் வெள்ளிக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன். அதில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். தினம் காலையில் இவர் யூனிஃபார்மோடு சாமி முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு மாத்திரையை விழுங்குவார். அந்தச் சிப்பாய் போய், எங்க சாப் மாதிரி பக்தி யாருக்கும் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். பண்டாரியே இவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் வரும்போது மட்டும் கொஞ்சம் பதற்றம். முந்தின நாளிலிருந்து உப்பு கிடையாது, காப்பி கிடையாது, என்னோடு சண்டை கிடையாது. மாத்திரை இரண்டாக. காலையில் திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுக்க வைத்துவிடுவேன். அளந்து பார்த்தால் இருபது வயசுப் பையன் மாதிரி காட்டும்.

பண்டாரி ஒன்பது போட்டார். எப்படித் தெரியும் என்று கேட்காதே. மிஸஸ் பண்டாரி என் கையைப் பிடித்து அழுத்தினாள், அதிலேயே தெரிந்துவிட்டது. போர்டு கூடியது. டெல்லியிலிருந்து யாரோ யாருக்கோ சொல்லி, அவர் இவருக்குச் சொல்லி, ஒரு மத்தியானம் இவர் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். தேறிவிட்டார். மூன்றாவது தடவையில் தேறுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா மக்ளே? அத்தி பூத்த மாதிரி.

அந்தச் சாயங்காலம் மெஸ்ஸில் நான் உள்ளே நுழைந்தபோது அத்தனை சோபாவும் எழுந்து நின்றது. அதுவரை என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனவளெல்லாம் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். தூ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காருங்கள் என்று உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.

அஸ்ஸாம் பக்கத்தில் ஒரு பட்டாலியன் என்று காதில் விழுந்தது. தை மாசம் இருக்கும். பங்குனியில் ரேங்க் குத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். கமாண்டிங் ஆபீசர் பங்களா ஜன்னல் எத்தனை என்று அங்கே இருந்தவளிடம் போனில் கேட்டுத் திரைத்துணிகூட வாங்கிவிட்டேன், மாம்பழ நிறத்தில். அங்கே போனால் நான்தான் எல்லோருக்கும் முதல். யார் கவிதையும் கேட்க வேண்டியதில்லை. எனக்குக் கோலம் வரும். மாதம் ஒரு கோலப் போட்டி வைக்கலாம், எல்லோரையும் கட்டாயம் வரச்சொல்ல வேண்டும் என்று நினைத்துவைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அந்த ஹவில்தார் செத்தான்.

முத்துக்கருப்பன் என்று பெயர். இளையான்குடிப் பக்கம். நல்ல ஆள்தான், குறை சொல்ல மாட்டேன். ஹவில்தாருக்கு அடுத்த ரேங்க்கான நாயப் சுபேதார் ஆகிற வரிசையில் முதலாவதாக நின்றான். அது கிடைக்காவிட்டால் அந்த வருஷத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளை ஒன்று காலேஜ் முதல் வருஷம். அவர்களுக்கும் மேலே போக ஓட்டம், மெடிக்கல் எல்லாம் உண்டு. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பனிமூட்டத்தில் விடியற்காலை ஓடினார்கள். முடிகிற இடத்தில் கடிகாரத்தோடு நின்றது இவர்தான். கடைசி வளைவில் அவன் கால் தளர்ந்திருக்கிறது. இவர், "முத்துக்கருப்பா, விடாதே, வா, வா" என்று கத்தியிருக்கிறார். வந்துவிட்டான். நேரத்துக்குள்தான் வந்தான். வந்து இவர் காலடியில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

அதற்கு இவர் என்ன செய்வார், சொல். ஓடுகிறவனை ஓடு என்றுதானே சொல்ல முடியும்.

துக்கம் கேட்க நான்தான் போனேன். மிஸஸ் பண்டாரிக்குச் சாவு வீடு ஒத்துக்கொள்ளாதாம், பாஷையும் தெரியாது. பார்டர் இல்லாத வெளிர்நிறப் புடவை கட்டிக்கொண்டு போய் அந்தக் குவார்ட்டர்ஸில் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி போட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் பெண்டாட்டி காளீஸ்வரி. அழுது முடித்து வறண்டு போயிருந்தாள். எல்லோரையும் வெளியே போகச்சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னவோ கேட்கப் போகிறாள், பெண்ணுக்குச் சீட்டோ வேலையோ என்று நினைத்தேன்.

"அம்மா, அவுகளுக்கு பிரஷர் இருந்துச்சு. ரெண்டு வருசமா. அவுக மாத்திரைய நாந்தேன் ஒளிச்சு வப்பேன்" என்றாள். "நாயப் சுபேதாரு ஆகுற வரைக்கும்னு சொன்னாக. நானும் சரின்னுட்டேன். நாந்தேன் கொன்னுட்டேனா, அம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மூளை வேலை செய்தது பார். அவள் வாயைப் பொத்தி, "இத யாருட்டயும் சொல்லாத. டியூட்டியில செத்தவன் பென்ஷன் வேற, நோய ஒளிச்சவன் பென்ஷன் வேற. உன் பொண்ணை நெனச்சுக்க" என்று சொன்னேன். அந்த நேரத்தில் இதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? இன்றைக்கு அவள் முழுப் பென்ஷன் வாங்குகிறாள் என்றால் அது நான் போட்ட பிச்சை.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தப்பு, மத்தியானம் சாப்பிடும்போது அதை இவரிடம் சொன்னது. சும்மா பேச்சுக்குச் சொன்னேன். இவர்கள் எவ்வளவு அறியாமையில் இருக்கிறார்கள் பாருங்கள், டாக்டரிடம் காட்டாமல் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான், எத்தனை சாப்பிட வேண்டும் என்றுகூடத் தெரியாது, நாம்தான் எவ்வளவு முறையாகச் செய்கிறோம் என்று சொன்னேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே கையை வைத்துவிட்டார்.

"எங்க வச்சிருந்தாளாம்?"

"அரிசி டப்பாக்குள்ள" என்றேன்.

"அரிசி டப்பாக்குள்ள" என்றார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு வைத்திருந்தது இவருக்குப் பிடித்த மீன் குழம்பு. அப்படியே கிடந்தது.

மறுநாள் காலையில் சாமி அலமாரியில் சிமிழைக் காணவில்லை. நான் அந்தச் சிப்பாயைப் போட்டுக் குடைந்துகொண்டிருக்கிறேன், அவன் மாரியம்மன் மேல் சத்தியம் செய்து அழுகிறான். போன் வருகிறது. இவர் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போய், மேஜர் ரேங்க்கில் உள்ள டாக்டர் அம்மாவின் மேஜையில் சிமிழைத் திறந்து வைத்து, இது என் மாத்திரை, ஒன்றரை வருஷமாகச் சாப்பிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவே பயந்துபோய், சார், இன்னும் கொஞ்ச நாளில் உங்களுக்கு ரேங்க் வருகிறதே, யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றாளாம். யோசித்துத்தான் வந்தேன் என்றாராம்.

நான் போனபோது ஆஸ்பத்திரிச் சட்டையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைப்பட்டி கட்டி அளந்துகொண்டிருந்தார்கள். பண்டாரி அங்கே நின்று குதித்துக்கொண்டிருந்தார். ஏதோ சாவைப் பார்த்த அதிர்ச்சி, ஒருநாள் பிரஷர் என்று எழுதச் சொல்கிறேன், ஆஸ்பத்திரி கமாண்டன்ட் என் நண்பர்தான், நீ வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்றார். நல்ல மனசுதான் என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கிற்று. நோயை ஒளித்து வைத்த ஆளுக்கு ஒன்பது போட்டவர் அவர். மேலே இருக்கிறவன் அவரைக் கேட்பான் அல்லவா? அவருக்கும் அந்த வருஷம் பிரிகேடியர் போர்டு.

இவர், வேண்டாம் சார் என்றார். அவ்வளவுதான்.

பண்டாரி போனபிறகு நான் கேட்டேன். "ரெண்டு மாசம்தானங்க. பட்டாலியன வாங்கி உக்காந்துட்டு அப்புறம் சொல்லியிருக்கப்பிடாதா? யாரு உங்கள வேண்டாம்னது?"

உலகத்தில் இவர் ஒருவர்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "கடைசி வளைவுல நான்தான் அவன வெரட்டினேன், பகவதி" என்றார்.

"அது உங்க வேலை."

"அதான்" என்றார்.

அதான் என்றால் என்ன அர்த்தம்? நானும் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். ஏதாவது வாதம் பண்ணினால் நாமும் நாலு வார்த்தை பேசலாம். அதான் என்றால் என்ன பேசுவது? இதில் பார், அந்த முத்துக்கருப்பன் விஷயத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. விசாரணை வைத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, நல்ல ஆரோக்கியமான சிப்பாய், ஓட்டத்தை முடித்துவிட்டுத்தான் விழுந்தான் என்று கூசாமல் சொன்னார். ஊரான் வீட்டுக்குப் பொய், தன் வீட்டுக்கு மட்டும் அரிச்சந்திரன்.

கேட்டகரியைக் குறைத்தார்கள். ரேங்க்கை நிறுத்தினார்கள். அஸ்ஸாம் பட்டாலியனை வேறொருவன் வாங்கிக்கொண்டு போனான். அவன் பெண்டாட்டி எனக்கே போன் பண்ணி ஜன்னல் எத்தனை என்று கேட்டாள். வாங்கின திரைத்துணியை விலைக்குக் கொடுக்கிறாயா என்றுகூடக் கேட்டாள். எத்தனை தடித்த தோல் இருக்க வேண்டும்.

அதோடு போச்சா? இல்லை. இவர் ஆஸ்பத்திரியில் படுத்த செய்தி பரவியதும், அடுத்த வாரம் பட்டாலியன் எம்.ஐ. ரூம் வாசலில் வரிசை. சிப்பாய்கள் முதலில் போகிற மருந்தறை அது. ஹவில்தார்கள், நாயக்குகள், இரண்டு சுபேதார்கள்கூட. ஒருத்தன் ஷூ பாலிஷ் டப்பியைத் திறக்கிறான், ஒருத்தன் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறான். தாணு சாப்பே சொல்லிவிட்டார், நமக்கென்ன என்று அவனவன் மாத்திரையை மேஜையில் கொட்டியிருக்கிறான். ஒருத்தனுக்கு இதயத்தில் அடைப்பாம், டெல்லிக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்துக்கொண்டான். இப்போது ஸ்லீப்பர் பெட்டியில் இருக்கிறாரே அந்த சுபேதார், அவர்தான் என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியாது. எனக்கு அவர்கள் முகமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பட்டாலியனுக்கு எவ்வளவு கெட்ட பெயர் பார். பாதிப் பேர் நோயாளி என்று பிரிகேடு முழுக்கச் சிரித்தார்கள். யார் கண் பட்டதோ. பண்டாரிக்கு பிரிகேடியர் கிடைக்கவில்லை. மிஸஸ் பண்டாரி என்னைக் கவிதைக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். நான் அவளுக்காக எத்தனை தடவை அழுதிருப்பேன். அதற்காவது ஒரு வார்த்தை? மெஸ்ஸில் நான் போனால் ஒருத்தி மட்டும் எழுந்தாள், அந்தப் பக்கோடாக்காரி. அவள் வேண்டுமென்றே செய்தாள். எனக்குத் தெரியும்.

பிறகு அங்கே இங்கே என்று மேஜை வேலை. சர்வீஸ் முதிர்ந்து ஒருநாள் டைம் ஸ்கேல் கர்னல் என்று உத்தரவு வந்தது. ரேங்க் குத்துகிற வழக்கம் தெரியுமல்லவா? ஒரு தோளில் மேலதிகாரி குத்துவார், இன்னொரு தோளில் பெண்டாட்டி. எல்லோரும் கைதட்டுவார்கள். போர்டில் தேறினவனுக்குப் பாண்டு வாசிப்பார்கள். இவருக்கு ஆபீசில் டீயும் சமோசாவும் ஏற்பாடு செய்தார்களாம். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த எச்சில் நட்சத்திரத்தை என் கையால் குத்த மாட்டேன், நாலு பேர் முன்னால் இவள் புருஷன் தேறாதவன் என்று நான் போய் நிற்க வேண்டுமா என்று கேட்டேன். இவர் கண்ணாடி முன்னால் நின்று தானே குத்திக்கொண்டார். இடது பக்கம் கொஞ்சம் கோணல். கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி செய்திருக்கலாம். எதற்கு?

இப்போதா? இப்போது நன்றாக இருக்கிறார். அதுதான் எனக்கு ஆத்திரமே. தினம் மேஜை மேலேயே மாத்திரை, எல்லோர் முன்னாலும் தண்ணீரை ஊற்றி விழுங்குகிறார். பிரஷர் அளந்தால் நூற்றி இருபது. நாகர்கோவிலில் தினம் பூங்காவை ஆறு சுற்று சுற்றுகிறார். டாக்டர், கர்னல் சார், எண்பது வயசு கேரண்டி என்கிறார். எண்பது வயசு வரைக்கும் டைம் ஸ்கேல் கர்னலாக இருந்து என்ன செய்ய? இவரோடு படித்து, ஒளித்து வைத்து, ரேங்க் வாங்கினவர்கள் இரண்டு பேர் பட்டாலியனைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். பீரங்கி வண்டியில் கொடி போர்த்தி எடுத்துப் போனார்கள். அந்தப் பெண்டாட்டிகளுக்கு இன்றைக்கும் போகிற இடத்தில் முதல் வரிசை.

என்ன மக்ளே, முறுக்கைக் கையிலேயே வைத்திருக்கிறாய். கடிக்க முடியவில்லையா?

என்ன சொல்கிறாய்? உன் வீட்டுக்காரருக்கா? முழங்காலா? லாரியிலிருந்து இறங்கும்போது திருப்பிக்கொண்டாரா? எத்தனை மாசமாக? வீங்கியிருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று உன்னிடம் கேட்டாரா?

நல்லவேளை, என்னைப் பார்த்தாய். கிட்டே வா. போக விடாதே. முப்பது வயசுகூட ஆகாத பிள்ளை, இப்போதே கேட்டகரி விழுந்தால் கதை அங்கேயே முடிந்தது. நீங்கள் இருப்பது அம்பாலாதானே? அங்கே கன்டோன்மென்ட் கேட்டுக்கு வெளியே, சினிமா தியேட்டரைத் தாண்டி ஒரு எலும்பு டாக்டர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்காது. சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போகச் சொல். முடி வெட்டாமல் ஒரு வாரம் விட்டுப் போனால் இன்னும் நல்லது.

எவ்வளவு நாளைக்கு என்றா கேட்கிறாய்? மேஜர் ஆகிற வரைக்கும்தான். அப்புறம் லெப்டினன்ட் கர்னல் ஆகிற வரைக்கும். அப்புறம் போர்டு முடிகிற வரைக்கும். அதற்கப்புறம் நீ ராணி.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஓட்டத்தை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால்தான் சந்தேகப்படுவார்கள். வலித்தாலும் ஓடட்டும். நீ காலையில் வாசலில் நின்று பார்த்துக்கொள். கால் தளர்கிற மாதிரி தெரிந்தால் பேசாமல் நிற்காதே மக்ளே. விடாதீங்க, வாங்க, வாங்க என்று சொல்லு.